சாயங்காலத்துக்கு ஒரு சொல்

யாரு சொன்னா உங்ககிட்ட? கோகிலா அண்ணியா? பந்தியில பக்கத்து எலையா? அப்ப சரி. பக்கத்துல யாரு உக்காந்தாலும் இதைச் சொல்லாம அவங்க கை கழுவப் போக மாட்டாங்க. நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, எங்க ஆளுங்களையே இன்னிக்குத்தான் பாக்கறீங்க. அதுக்குள்ள எம் பொண்ணு கால் விஷயம் உங்க காதுக்கு வந்தாச்சு.

ஆமா, அவதான் ஆதிரை. மேடைக்குப் பக்கத்துல, மஞ்சப் பாவாடை. நாற்காலியெல்லாம் தள்ளிவிட்டுக்கிட்டு ஓடுறா பாருங்க. நான் கூப்பிட்டா வர மாட்டா. விடுங்க, ஓடட்டும்.

உக்காருங்க. முகூர்த்தம் முடிஞ்சாச்சு, வேன் வர நேரமிருக்கு. எனக்கும் காலையிலேர்ந்து நின்னு நின்னு முதுகு விட்டுப்போச்சு. அந்த ஃபேனுக்குக் கீழ போயிடலாம்.

இல்லிங்க, அவங்க பொய் சொல்லியிருக்க மாட்டாங்க. பொய் சொல்ற ஆளில்ல. எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த அக்கா, டெலிபோன் ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்து முன்னாடியே ஓய்வு வாங்கிட்டு வந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கல. எங்க வீட்டு மாடியிலதான் இருக்காங்க. யாரையும் ஏமாத்த மாட்டாங்க. ஆனா எதையும் பாதிதான் சொல்வாங்க. மீதிப் பாதியில நான் இருக்கேன். அதைத்தான் உங்ககிட்ட சொல்லலாம்னு பாக்கறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கறேன்.

என் வேலை என்னன்னு முதல்ல சொல்லணும். யாருக்கும் புரியாது, சொன்னா ‘டேட்டா என்ட்ரியா’ன்னு கேப்பாங்க. அதில்ல. உலகம் பூரா ஆஸ்பத்திரிகள்ல ஆராய்ச்சி நடக்குதில்லையா, இத்தனை நோயாளிங்களைப் பாத்தோம், இவங்களுக்கு இதெல்லாம் இருந்துச்சுன்னு எழுதி வைக்கிறாங்க. அதையெல்லாம் ஒரே இடத்துல சேத்து வைக்கிற ஒரு போர்ட்டல் இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுது. அதுக்கு வேலை பாத்துக் குடுக்கற கம்பெனி திருச்சியில இருக்கு, ஜங்ஷன் பக்கத்துல. அங்க நான் இருக்கேன்.

ஒரு டாக்டர் ‘தள்ளாடி நடக்கிறார்’னு எழுதுவாரு. இன்னொருத்தர் ‘நடை சரியில்ல’ம்பாரு. எங்கேயோ ஒரு நாட்டுல ஒருத்தர் ‘குடிச்சவர் மாதிரி நடக்கிறார்’னு எழுதி வச்சிருப்பாரு. மூணும் ஒண்ணா, வேற வேறயான்னு படிச்சுப் பாத்து, எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே சொல்லை அதுக்குப் போடணும். அப்பதான் நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக்காரர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினா எல்லாம் சேர்ந்து வரும். இல்லேன்னா எல்லாம் உள்ளேயே கிடக்கும், ஒண்ணும் கைக்கு வராது.

அந்தச் சொல்லுங்க சும்மா வரிசையா இருக்காது. ஆன்டாலஜின்னு பேரு. ஒரு குடும்பம் மாதிரின்னு வச்சுக்குங்க. மேல ஒரு பெரிய சொல், அதுக்குக் கீழ பிள்ளைங்க, அதுக்குக் கீழ பேரப்பிள்ளைங்க. ‘நடைக் கோளாறு’ன்னு மேல இருக்கும். கீழ ‘நுனிக்கால்ல நடக்கறது’, ‘காலைப் பரப்பி நடக்கறது’, இப்படி. மேல இருக்கறதைப் போட்டுத் தேடினா கீழ இருக்கறது அத்தனையும் வந்து விழும். ரொம்பக் கீழ போயித் தேடினா ஒண்ணுமே வராது. எந்தப் படியில நின்னு தேடணும்னு தெரியணும். அது ஒரு பழக்கம். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் குடுக்கறேன்.

ஒரே கஷ்டம், ஷிப்ட். மத்தியானம் போனா ராத்திரிதான் வருவேன். அந்த நாட்டு நேரத்துக்கு ஒத்துப்போகணுமே. அவரு ரோடு கான்ட்ராக்ட் வேலையில சைட்டுல இருப்பாரு, சனி ஞாயிறுதான் வீடு. அதனால ஆதிரையைக் காலையில எழுப்பி, குளிப்பாட்டி, சடை பின்னி, ஸ்கூல் வேன் ஏத்தறது நான். சாயங்காலம் வேன் வந்து நிக்கும்போது வாசல்ல நிக்கறது கோகிலா அண்ணி. நான் வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது ஆரம்பிச்சது. இடது கால் உள்பக்கமா திரும்பிச்சு. நுனிக்கால்ல நடந்தா. சாக்ஸ் போட்டு விடும்போது பாப்பேன், பாதம் லேசா வளைஞ்சிருக்கும், அவ்வளவுதான். ‘நேரா வச்சு நட’ன்னா நடப்பா. பெரிசா ஒண்ணும் தெரியல.

அண்ணிதான் சொல்ல ஆரம்பிச்சாங்க. “லதா, சாயங்காலம் ஆனா இவ கால் இவ பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

நான் என்ன நினைக்கிறது, சொல்லுங்க. காலையில எம் முன்னாடி நல்லா நடந்து வேன் ஏறுறா. “ஸ்கூல்ல விளையாடிட்டு வந்திருப்பா அண்ணி, அசதியா இருக்கும்”னேன்.

“அசதி இல்ல. நீ இருந்து பாத்தாத் தெரியும்.”

நீ இருந்து பாத்தா. கவனிச்சீங்களா? நான் வேலைக்குப் போறதை ஒரு குத்து குத்தாம அவங்களால ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அன்னிக்கு விட்டுட்டேன். ஆனா அடுத்தடுத்து அதேதான். சாயங்காலம் படியில உக்காந்துட்டா, சாயங்காலம் தெருமுனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன் திரும்பி வரத் தூக்கிட்டு வந்தேன், தூங்கி எழுந்தா சரியாயிடுது. தூங்கி எழுந்தா சரியாயிடுதுன்னா அப்புறம் என்ன வியாதி? பிள்ளை செல்லம் கொஞ்சுது, இவங்க தூக்கித் தூக்கி வச்சுக்கிறாங்க. அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாங்கிளாஸ்ல காலையிலேயே கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சது. வலது காலும் சேந்துக்கிச்சு. ஸ்கூல்ல விழுந்து உதடு கிழிஞ்சது. அப்புறம் நான் ஒரு நாள் சும்மா இருக்கல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம், பெரிய இடம்தான். காலையில ஓ.பி., நான் லீவு போடாம போயிட்டு வந்துடலாம். எலும்பு டாக்டர் பாத்தாரு. நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. மூளைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. பிறக்கும்போது மூச்சுத் திணறல் இருந்துச்சான்னு கேட்டாங்க. கொஞ்சம் தாமதமா அழுதா, அவ்வளவுதான்னேன். அதைப் புடிச்சுக்கிட்டாங்க. பிறக்கும்போதே மூளையில சின்னதா ஒரு அடி, அதனால தசை இறுக்கம், ஸ்கேன்ல தெரியாமகூட இருக்கலாம்னாங்க. காலுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் மாட்டிவிட்டாங்க. தினமும் பயிற்சி.

ஒரு தடவை அண்ணியும் கூட வந்தாங்க. டாக்டர் பாதத்தை வளைச்சுப் பாத்துட்டிருக்காரு, இவங்க ஆரம்பிக்கறாங்க. “சார், இவ சாயங்காலம்...” வெளிய அத்தனை பேரு காத்திருக்காங்க. நான்தான் கையைப் புடிச்சு, “அண்ணி, டாக்டர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவோம்”னேன். அப்புறம் பேசல. வர்ற வழி பூரா பேசல. ஆட்டோவுல ஆதிரை அவங்க மடியில படுத்துக்கிட்டு வந்தா. கோவம் வந்தா அவங்க அப்படித்தான், உம்முன்னு இருப்பாங்க.

சட்டம் மாட்டியும் ஒண்ணும் ஆகல. அழுவா, கழட்டச் சொல்லி. மூணாங்கிளாஸ் போனதும் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. குதிகால் தசைநார் சுருங்கிக் கிடக்கு, அதை வெட்டி நீளமாக்கணும். தேதியும் குடுத்தாச்சு, பரீட்சை லீவுல.

அப்பத்தான் நான் தேட ஆரம்பிச்சேன்.

ஊருக்கெல்லாம் சொல்லைப் போட்டுக் குடுக்கறவ, எம் பொண்ணுக்குத் தேடிப் பாக்காம இருந்தா எப்படி? அந்தப் போர்ட்டல்ல நோயாளிங்களோட முழு விவரம் பாக்க அனுமதி வாங்கணும். எனக்கு இருந்த அனுமதி வேலைக்குத்தான், சொந்த விஷயத்துக்கு அதைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவும் இல்ல. ஆனா ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு சுருக்கம் வெளிய இருக்கும், அதை யாரு வேணாலும் பாக்கலாம். சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு என் போன்ல தேடுவேன்.

முதல்ல, சொன்னா சிரிப்பீங்க, ‘குழந்தை அடிக்கடி விழுகிறது’ன்னு வெறும் பேச்சு இங்கிலீஷ்ல போட்டேன். புதுப் பிள்ளைங்க பண்ணா திட்டுவேன், அதையே நான் பண்ணேன். வயசானவங்க பாத்ரூம்ல வழுக்கி விழறது பத்தியெல்லாம் வந்துச்சு. அப்புறம் நிதானத்துக்கு வந்து முறையா ஆரம்பிச்சேன். ‘நடைக் கோளாறு’. வந்து கொட்டிச்சு, படிச்சு முடிக்க ஒரு ஆயுசு பத்தாது. கீழ இறங்கி ‘நுனிக்கால் நடை’. அப்பவும் நூத்துக்கணக்குல. அதோட ‘தசை இறுக்கம்’ சேத்தேன். ‘பாதம் உள்பக்கம் திரும்பறது’ சேத்தேன். ‘குழந்தைப் பருவத்துல தொடக்கம்’ சேத்தேன். வர்றதெல்லாம் டாக்டர் சொன்னதேதான். பிறக்கும்போது அடி, பிறக்கும்போது அடி. ஒவ்வொண்ணாப் படிப்பேன். ஒரு சொல்லை எடுத்துட்டு வேற சொல்லைப் போடுவேன். ஒரு படி மேல ஏறுவேன், ரெண்டு படி கீழ வருவேன்.

எத்தனை வாரம் அப்படிப் போச்சுன்னு தெரியல. அலுத்துப்போச்சுங்க. ஷிப்ட் பூரா அடுத்தவங்க பிள்ளைங்களுக்குச் சொல் போடறது, சாப்பாட்டு நேரத்துல எம் பிள்ளைக்குச் சொல் தேடறது. கண்ணை மூடினா அந்தச் சொல்லுங்கதான் வரிசையா வந்து நிக்கும். வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. சொல்லி என்ன?

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. அவரு வந்திருந்தாரு. ஆபரேஷனுக்கு யாரு கூட இருக்கறது, எத்தனை நாள் லீவு போடறதுன்னு சாப்பாட்டு மேசையில உக்காந்து பேசிட்டிருக்கோம். ஆதிரை உள்ள தூங்கறா. மாடியிலேர்ந்து அண்ணி இறங்கி வந்தாங்க. வந்தவங்க உக்காரல.

“பாஸ்கரா, அந்த ஆபரேஷன் வேண்டாம்டா.”

அவரு எம் மூஞ்சியைப் பாக்கறாரு. நான்தான் பேசினேன். “அண்ணி, டாக்டரைவிட நமக்குத் தெரியுமா?”

“எனக்கு டாக்டர் படிப்பு தெரியாது. காலையில நடக்கற காலை எதுக்கு வெட்டணும்? சாயங்காலம் மடங்கற கால், ஒரு தூக்கம் போட்டு எழுந்தா நிமிருது. சுருங்கிக் கிடக்கற தசை தூங்கினா நீளுமா?”

“அதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியறது. அப்படியெல்லாம் ஒரு அறிகுறியே கிடையாது.”

“கிடையாதுன்னு யாரு சொன்னா?”

“நான் சொல்றேன். என் வேலையே அதுதான். தூங்கினா சரியாயிடும்னு ஒரு சொல் அங்க இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?”

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிப்போச்சு. இப்பவே காட்டறேன்னு அவரோட லேப்டாப்பைத் திறந்தேன். போர்ட்டலைத் திறந்து, தூக்கத்துக்கு அப்புறம் குறையறதுன்னு நாலு விதமா இங்கிலீஷ்ல போட்டேன். தூக்கமின்மை வந்துச்சு, தூக்கத்துல நடக்கறது வந்துச்சு, நான் கேட்டது வரல. “பாத்தீங்களா?”ன்னு திரையை அவங்க பக்கம் திருப்பினேன்.

அவங்க குனிஞ்சு பாத்தாங்க. “சாயங்காலம்னு போட்டுப் பாரு.”

“சாயங்காலம் ஒரு வியாதியா அண்ணி?”

“போட்டுத்தான் பாரேன்.”

போட்டேன். இல்லேன்னு காட்டத்தான் போட்டேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. கீழ ஒரு சொல் விரிஞ்சது. நான் அதைப் பாத்ததே இல்ல. காலோட கிளையில இல்ல, நரம்போட கிளையிலயும் இல்ல. தனியா ஒரு கிளை. ஒரு அறிகுறி எப்ப கூடும், எப்ப குறையும், எதனால கூடும்னு சொல்ற கிளை. எங்க வேலையில அந்தப் பக்கம் யாரும் போனதில்ல, போகச் சொன்னதும் இல்ல. ஒரே நாளுக்குள்ள ஏறி இறங்கறதுன்னு அந்தச் சொல்லுக்கு அர்த்தம். விளக்கத்துல, சாயங்காலம் கூடறதுன்னு இருந்துச்சு.

நான் முன்னாடி போட்டிருந்த சொல்லோட இதையும் சேத்துத் தேடினேன். அத்தனை பக்கம் வந்தது சுருங்கி ஒரு பக்கத்துக்குள்ள வந்து நின்னுடுச்சு. முதல்ல இருந்ததைத் திறந்து சுருக்கம் படிச்சேன். பெரும்பாலும் பெண் குழந்தைங்க. பாதத்துல ஆரம்பிக்கும். காலையில நல்லா இருப்பாங்க, பொழுது சாயச் சாய மோசமாகும், தூங்கி எழுந்தா தெளியும். மூளையில சுரக்க வேண்டிய ஒரு பொருள் போதாம சுரக்குது, தூக்கத்துல கொஞ்சம் சேருது, பகல்ல தீந்துடுது. பிறக்கும்போது அடிபட்டதுன்னு தப்பா நினைச்சு வருஷக்கணக்கா விட்டுடறாங்கன்னு போட்டிருந்துச்சு. சின்ன அளவுல ஒரு மாத்திரை குடுத்தா போதும்னு போட்டிருந்துச்சு.

“இருக்கா லதா?”ன்னாங்க அண்ணி.

“ஏதோ இருக்கு”ன்னேன்.

அவங்க மேல போயிட்டாங்க. அவரு எந்திரிச்சுப் போயி தூங்கற பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. நான் மிச்சம் இருந்ததையும் படிச்சேன்.

இப்ப சொல்லுங்க, சொல்லைக் கண்டுபிடிச்சது யாரு? அவங்க சாயங்காலம்னாங்க, அவ்வளவுதான். சாயங்காலம்னு யாரு வேணாலும் சொல்லலாம். அதை எங்க போடணும், எதோட சேக்கணும், எதை எடுக்கணும்னு தெரிய வேண்டாமா?

ஆனாலும் நான் உடனே நம்பிடல. படிச்சதெல்லாம் நம்ம பிள்ளைக்குப் பொருந்தற மாதிரியே இருக்கும், அது ஒரு மயக்கம். அதனால அந்த வாரம் ஒரு நாள் பாதி ஷிப்ட்ல சொல்லிட்டு வந்துட்டேன். அண்ணிகிட்ட சொல்லல. தெருமுனையில ஆட்டோவை விட்டுட்டு நடந்து வந்தேன். வேன் வந்துட்டுப் போயிருந்துச்சு.

எங்க வீட்டுல மாடிக்கு வெளிப்பக்கமாப் படி. கேட்டைத் திறக்கும்போதே தெரிஞ்சுது. ஆதிரை அந்தப் படியில கையை ஊனி ஊனி ஏறிட்டிருந்தா. நடக்கலைங்க. ஒரு முட்டியை மேல வைக்கிறா, அப்புறம் ரெண்டு கையையும் ஊனி அடுத்த காலை இழுத்துக்கறா. பாதம் ரெண்டும் உள்பக்கமா மடங்கி ஒண்ணோட ஒண்ணு சிக்குது. ஒரு படி ஏறிட்டு நின்னு மூச்சு விடறா. பின்னாடி அண்ணி, தோள்ல ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு, ஒரு கையை அவ முதுகுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு வர்றாங்க. தொடல. தொட்டா அவளுக்குப் பிடிக்காதாம், அப்புறம் தெரிஞ்சுது. தானே ஏறணுமாம்.

காலையில நான் சடை பின்னி அனுப்பின பிள்ளை.

நான் கேட் பக்கத்துலயே நின்னுட்டேன். மேல் படிக்குப் போனதும் அவதான் திரும்பி என்னைப் பாத்தா. சிரிக்கல, ஓடி வரப் பாக்கல. “அம்மா, நீ ஏன் சாயங்காலம் வந்த?”ன்னா.

ஒளிச்சு வச்சிருந்ததை நான் பாத்துட்ட மாதிரி.

அண்ணி என்னைப் பாத்தாங்க. ‘பாத்தியா’ன்னு ஒரு வார்த்தை சொல்வாங்கன்னு நினைச்சேன். அதுக்குத் தயாராத்தான் நின்னேன். “காபி போடறேன், மேல வா”ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அப்படித்தான். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்ல மாட்டாங்க, இப்ப கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்வாங்க.

அப்புறம் ஜெசிந்தான்னு ஒரு டாக்டரம்மா. நரம்புக்குத்தான். தனியா கிளினிக் வச்சிருக்காங்க, சாயங்காலம்தான் பாப்பாங்க. லீவு போட்டுட்டு, அண்ணியையும் சேத்து அங்கதான் கூட்டிட்டுப் போனேன். சுருக்கத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். அவங்க அதை வாங்கி ஓரமா வச்சுட்டு, ஆதிரையை நடக்கச் சொன்னாங்க. ரெண்டடி வச்சா, மேசையைப் புடிச்சுக்கிட்டா. காலையில எப்படி இருப்பான்னு கேட்டாங்க. காலையில எடுத்த வீடியோவைக் காட்டினேன். திரும்பத் திரும்ப ரெண்டு தடவை பாத்தாங்க.

“இவ்வளவு வித்தியாசம் இருக்கே. முதல்ல பாத்த டாக்டர்ங்ககிட்ட இதை ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல டாக்டர்”னேன்.

கேக்கலதானே? கேட்டிருந்தா சொல்லியிருப்போம். அண்ணி பக்கத்து நாற்காலியில உக்காந்து ஆதிரை செருப்பு வாரைச் சரி பண்ணிட்டிருந்தாங்க. வார் நல்லாத்தான் இருந்துச்சு, கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தாங்க.

டாக்டரம்மா அப்புறம் நான் கொண்டுபோன தாளைப் படிச்சாங்க. இதுவாத்தான் இருக்கும்னு தோணுது, ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம், வர நாளாகும், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திரையைக் குறைஞ்ச அளவுல குடுத்துப் பாப்போம், இந்த நோயா இருந்தா அதுவே சொல்லிடும்னாங்க. ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொன்னாங்க. வயசானவங்களுக்குக் கை நடுக்கத்துக்குக் குடுக்கற மாத்திரைதான், பேரைக் கேட்டு மெடிக்கல் ஷாப்ல பையன் திரும்ப ஒரு தடவை சீட்டைப் பாத்தான். ‘குழந்தைக்கா’ன்னான். ஆமான்னேன்.

காலையில ஒரு துண்டு நான் குடுப்பேன். சாயங்காலம் ஒரு துண்டு அண்ணி குடுப்பாங்க. முதல் ரெண்டு நாள் வயத்தைப் பிரட்டுதுன்னா. எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. அண்ணிகிட்ட தினமும் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிக் கேப்பேன். “பாக்கலாம்”பாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவ்வளவு பேசறவங்க, நான் கேக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை.

அந்த வாரக் கடைசியில, நான் வேலையில இருக்கேன். ஒரு பிள்ளைக்கு ஏதோ சந்தேகம், பக்கத்துல நின்னு சொல்லிட்டிருக்கேன். போன் வந்துச்சு. அண்ணி. அவங்களா கூப்பிட மாட்டாங்க, விழுந்துட்டா போலன்னு நினைச்சு வெளிய படிக்கட்டுக்கு ஓடினேன்.

“என்ன அண்ணி?”

காத்துச் சத்தம். எங்கேயோ ஒரு பைக் போகுது. மொட்டை மாடின்னு புரிஞ்சுது. “அண்ணி, என்ன ஆச்சு”ன்னு ரெண்டு தடவை கேட்டேன். அப்புறம்தான் அது கேட்டுச்சு. பொத் பொத்துனு ஒரு சத்தம், தூரத்துலேர்ந்து கிட்ட வருது, கிட்ட வந்து திரும்பிப் போகுது. போயிட்டு மறுபடி வருது. நடுவுல ஆதிரை குரல், “அத்தை, எண்ணு எண்ணு”ன்னு. அத்தை எண்ணல. சத்தம் போகுது, வருது. வெறுங்கால் தரையில படற சத்தம்.

நான் படிக்கட்டுல உக்காந்துட்டேன். மணி என்னன்னு பாத்தேன். ஆறு தாண்டியிருந்துச்சு.

எவ்வளவு நேரம் கேட்டுட்டிருந்தேன்னு தெரியல. மேலயும் கீழயும் ஆளுங்க போறாங்க வர்றாங்க, ஒதுங்கி உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். அண்ணி கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் கட் ஆயிடுச்சு.

பரிசோதனையும் பின்னாடி வந்துச்சு, அதேதான்னு. ஆபரேஷன் வேண்டாம்னு ஆச்சு. ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும். சாப்பிடட்டும். இப்ப நாலாங்கிளாஸ். சிலம்பத்துல சேத்து விட்டிருக்காங்க அண்ணி, என்னை ஒரு வார்த்தை கேக்கல. சாயங்கால வகுப்பு. ஷிப்ட் மாத்தித் தரச் சொல்லி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன், முடியாதுன்னுட்டாங்க. அதனால நான் இன்னும் போயிப் பாக்கல. ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல கம்பைச் சுத்திக் காட்டுவா.

எனக்கு அந்த ஒண்ணுதாங்க ஆறவே இல்ல. எத்தனை வாரம் தேடியிருக்கேன். எத்தனை சொல் போட்டுப் பாத்திருக்கேன். முதல் முதலா எம் பிள்ளை சாயங்காலத்துல ஓடுது, அதைக் கண்ணால பாத்தது அவங்க. நான் போன்ல கேட்டேன். அவங்ககிட்ட நல்ல போன் இருக்கு, வீடியோ எடுக்க ஆதிரையே சொல்லிக் குடுத்திருக்கா. பக்கத்து வீட்டுப் பூனையையெல்லாம் எடுத்து அனுப்புவாங்க. இதை எடுக்கல.

மறுநாள் கேட்டேன். மனசுல வச்சுக்க முடியல, நேராவே கேட்டுட்டேன். “ஏன் அண்ணி, ஒரு வீடியோ எடுத்திருக்கக் கூடாதா?”

“எடுக்கலாம்னுதான் லதா போனைக் கையில எடுத்தேன்”னாங்க. “எது எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியல. கண்ணு ஒரேயடியா மங்கிப்போச்சு. உன் பேரு மட்டும்தான் மேல இருந்துச்சு, அதை அமுக்கிட்டேன்.”

அதான் பாருங்க. கண்ணாடி மாத்தணும் அவங்களுக்கு. நானும் சொல்லிட்டேதான் இருக்கேன், கேக்க மாட்டேங்கறாங்க.